அலைச்சறுக்கு முகாமுக்குப் பணம் கட்டுமுன்

இலங்கையில் அலைச்சறுக்கு முகாமுக்குப் பணம் கட்டுமுன் நான் முதலில் பார்ப்பது நாட்காட்டியைத்தான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரையின் அறுகம்பே களைகட்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்குக் கரையின் வெலிகம, மிரிஸ்ஸ பக்கம் கடல் சீராக இருக்கும். பருவம் மாறிப் போனால், எவ்வளவு வசதியான விடுதியானாலும் மொட்டை மாடியில் யோகாசனம் செய்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அடுத்தது கடலடி. வெலிகம விரிகுடாவில் அடியில் மணல் என்பதால், புதியவர் விழுந்தாலும் பெரும்பாலும் உப்புத்தண்ணீர் குடிப்பதோடு போய்விடும். அறுகம்பேயின் பிரதான முனையிலோ அலை பாறைத்திட்டின் மேல் உடைகிறது. அங்கே முதல் பாடம் எடுக்கிறோம் என்று சொல்லும் முகாமை நான் ஒதுக்கிவிடுவேன். ஒரு பயிற்றுநரிடம் எத்தனை பேர், அவருக்கு உயிர்காப்புப் பயிற்சி உண்டா, பழகுபவர்களுக்கு மேற்பரப்பு மென்மையான நீளப் பலகை தருகிறார்களா, கணுக்காலில் கட்டும் வார் நைந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வது, விளம்பரப் படத்திலுள்ள நீச்சல்குளத்தைப் பார்த்து மயங்குவதைவிட மேல்.

உடல் நச்சை நீக்கும் என்று விற்கப்படும் பழச்சாறு விரதத்துக்குத் தனிக்கட்டணம் கேட்டால் நான் கொடுப்பதில்லை. கல்லீரலும் சிறுநீரகமும் அந்த வேலையை இலவசமாகவே செய்கின்றன. பலகையில் படுத்து இருவேளையும் நீரைத் தள்ளித் தோள்கள் துவண்டவருக்கு வேண்டியது வயிறாரச் சோறும் பருப்பும் மீனும், மதியத்தில் நல்ல தூக்கமும்.