முந்திரி பிஸ்கட்டுக்கு ஹலால் சான்றிதழ் பெற்ற அனுபவம்

கடலூர் மாவட்டம் பண்ருட்டியில் நானும் என் தம்பியும் முந்திரி பிஸ்கட் தயாரித்து விற்கிறோம். முஸ்லிம்கள் அதிகம் வாழும் பரங்கிப்பேட்டைக் கடைகளுக்குப் பல ஆண்டுகளாகச் சரக்கு கொடுத்தும் எவரும் சான்றிதழ் கேட்டதில்லை. மலேசிய வணிகர் ஒருவர்தான், அந்நாட்டு அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் அங்கீகரித்த அமைப்பின் ஹலால் சான்றிதழ், அதாவது இஸ்லாமிய முறைப்படி உண்ணத் தகுந்தது என்ற சான்று, வேண்டும் என்றார். இந்தியாவில் இதைத் தனியார் நிறுவனங்களும் அறக்கட்டளைகளுமே வழங்குவதால், ஜாக்கிம் பட்டியலைப் பார்த்த பிறகே விண்ணப்பித்தோம்.

இறைச்சியோ முட்டையோ சேராத, பச்சைப் புள்ளியிட்ட பண்டத்தில் சோதிக்க என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் புள்ளி சைவம் என்று சொல்லுமே தவிர, வெனிலா எசென்ஸ் எதில் கரைக்கப்பட்டது என்று சொல்லாது. பல எசென்ஸ்கள் எத்தனால் என்னும் ஆல்கஹாலில் கரைக்கப்படுகின்றன. எண்ணெயும் நீரும் பிரியாமலிருக்க மார்ஜரினில் சேர்க்கும், 471 என்ற எண்ணால் குறிக்கப்படும் பொருளும் தாவர எண்ணெயிலிருந்தோ விலங்குக் கொழுப்பிலிருந்தோ வரக்கூடியது என்பதால், சைவக் குறி இருந்தும் அதன் மூலத்தைத் தயாரிப்பாளரே எழுதித் தர வேண்டியிருந்தது. மார்ஜரின் கடிதம் விரைவில் வந்துவிட்டது. எசென்ஸ் கடிதத்துக்கு ஏழு வாரங்கள் அலைந்தோம். மொத்த வியாபாரி, "இத்தனை வருஷமா யாரும் கேட்டதில்லையே" என்றார். இறுதியில் வந்த கடிதத்தில் கரைப்பானைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நோன்பு திறக்கும் தட்டில் வைக்கும் பண்டத்தை, அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று அறியாமலே இத்தனை காலம் கொடுத்திருக்கிறோமே என்று மனம் மிகவும் உறுத்தியது. புரொப்பிலீன் கிளைக்காலில் கரைத்த, ஹலால் சான்றுள்ள எசென்ஸுக்கு மாறினோம், விலை கூடுதல்தான்.

தணிக்கைக்கு உணவுத் தொழில்நுட்பம் படித்த ஒருவரும் இஸ்லாமிய மார்க்க அறிஞரான ஓர் ஆலிமும் வந்தார்கள். தட்டில் நெய் தடவும் பிரஷ்ஷைக் கையில் எடுத்த ஆலிம், அதன் முடி எதனுடையது என்று கேட்டார். பெயின்ட் கடையில் வாங்கிய அந்தப் பிரஷ்களில் பன்றி முடியும் உண்டு என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. அன்று மாலையே எல்லாவற்றையும் அகற்றிவிட்டு சிலிக்கான் பிரஷ் வாங்கினோம். பிறகு ஒரு பாக்கெட்டை எடுத்துக் காட்டி, இதில் சேர்ந்த எசென்ஸ் எந்த பில்லில் வந்தது என்று கேட்டார்கள். பதில் சொல்ல எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. பேட்ச் எண்ணையும் கொள்முதல் பில் எண்ணையும் ஒரே நோட்டில் எழுதும் வழக்கம் அன்று தொடங்கியது. இந்த முயற்சியில் எங்களுக்குக் கிடைத்த பெரிய பயன் அதுதான் என்பேன்.

சான்றிதழ் ஓராண்டுக்குச் செல்லும். மூலப்பொருளை மாற்றுவதானால் முன்கூட்டியே அவர்களிடம் தெரிவிக்க வேண்டும். சென்ற மாதம் வியாபாரி வேறு கம்பெனி எசென்ஸ் அனுப்பியபோது, ஆர்டர் நெருக்கடியிலும் தம்பி பெட்டியைப் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பினான்.