தொட்டில் வாசலில் மாட்டிய விளக்கு

சேலத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தின் கூரை ஒழுகுகிறது, நாம் சேர்ந்து சரிசெய்து தரலாமா என்று பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு கிளம்பியபோது, ஒரு மாத வேலை என்றுதான் நினைத்தேன். நாலரை மாதம் இழுத்தது.

கீழ்த்தளத்தில் பெற்றவர்கள் விட்டுப்போன கைக்குழந்தைகள். மாடியில் துணையில்லாமல் பிள்ளை பெற்ற அம்மாக்கள். பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது சேலத்தில்தான் என்பதால், இந்த ஊரில் ‘தொட்டில்’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். இது தனியார் அறக்கட்டளை இல்லம்; வளர்க்க முடியாத குழந்தையை யாரென்று சொல்லாமல் விட்டுப்போக, இவர்களும் வாசலில் ஒரு தொட்டில் வைத்திருக்கிறார்கள்.

பணம் திரட்டுவதைவிட அதை வாங்குவதில்தான் சிக்கல். சிங்கப்பூரில் இரண்டு நண்பர்கள். ஒருவனிடம் இந்தியப் பாஸ்போர்ட். தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். இன்னொருவன் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டான்; அவன் கொடுத்தால் வெளிநாட்டு நன்கொடைக் கணக்கு. அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவு வேண்டும்; அது இல்லத்துக்கு இல்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்! உள்ளூரில் ரொக்கத்தை நீட்டியவர்கள், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்துக்கு 80ஜி வரிச்சலுகை கிடையாது என்றதும் செக்குக்கு மாறினார்கள்.

பெரிய தொகை தருவதாகச் சொன்ன ஒருவர், குழந்தைகளோடு நின்று படம் எடுக்க வேண்டும் என்றார். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இந்தக் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சொன்னேன். தொகை பாதியானது. மீதிப் பாதி படத்துக்கு என்று அப்போதுதான் புரிந்தது.

கூரை பழைய மெட்ராஸ் டெரஸ்: மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கி, சுர்க்கி என்ற செங்கல்தூள்-சுண்ணாம்புக் கலவை போட்டு, மேலே தட்டோடு பதித்தது. கொத்தனார் தட்டிப் பார்த்துவிட்டு, “சுர்க்கி பொரிஞ்சு போச்சுங்க. தட்டோட்ட எடுத்துட்டு, வாட்டம் பார்த்துப் புதுசா போடணும்” என்றார். புழுதி பறக்கும். குழந்தைகளை வேறு இல்லத்துக்கு மாற்ற, குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு வேண்டும். அதனால் அறை அறையாக வேலை: ஒரு அறையைக் காலி செய்து, வாசலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, உடைப்பதை உடைத்து, கழுவித் துடைத்து, அடுத்த அறைக்கு. காலை 9 முதல் 11 வரைதான் சத்தம் போடலாம். அதற்குப் பிறகு பால் குடித்துத் தூங்கும் நேரம். இப்படி வேலை செய்தால் கூலி கட்டாது என்று கொத்தனார் முதல் வாரம் முனகினார். மூன்றாவது வாரம், “பாப்பா தூங்குதுடா, மெதுவா வை” என்று அவரே கையாளை அதட்டிக்கொண்டிருந்தார்.

சுவரில் பட்டாம்பூச்சி ஓவியம் வரையப் பணம் ஒதுக்கியிருந்தோம். மாடியில் இருந்தவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டது ரொம்பத் தாமதமாகத்தான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண், “குளியலறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லண்ணா” என்றாள். அத்தனை வாரமாக அந்தக் கதவைத் தாண்டித்தான் போய்வந்துகொண்டிருந்தோம். இன்னொருத்தி, மழை நாளில் பிள்ளைத் துணி காயவே மாட்டேன் என்கிறது என்றாள். பட்டாம்பூச்சி போச்சு. நான்கு கதவுக்கும் தாழ்ப்பாள், கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு நீளமாக நாலு கொடி.

ஓவியக் காசில் மிச்சமிருந்ததை வைத்து, முன்வாசலில் பளிச்சென்று ஒரு எல்.இ.டி. விளக்கு மாட்டினேன். யாரும் கேட்காத வேலை அது. அன்று சாயங்காலம் இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா வந்து அண்ணாந்து பார்த்தார்.

“தம்பி, இதைக் கழட்டிடுங்க.”

“இருட்டா இருக்கேம்மா.”

“இருட்டாத்தான் இருக்கணும். முகம் தெரியும்னா தொட்டில்கிட்ட யார் வருவாங்க? முள்ளுக்காட்டுல போட்டுட்டுப் போயிடுவாங்க.”

கேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஆள் குவித்திருந்த ஜல்லியையும் கையால் காட்டினார். ராத்திரிக்குள் அள்ளி ஓரமாகத் தள்ளினோம். விளக்கு இப்போது கொல்லையில், துணிக்கொடிக்கு மேலே எரிகிறது.