ஆயிரம் ரூபாய் கட்டினால் முடிந்தது என்று நினைத்தேன்

செக்கிங்கில் வாங்கிவைத்த என் லைசென்ஸ் கார்டு நேற்றுதான் திரும்பக் கைக்கு வந்தது. மொத்தம் 41 நாள். கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும். டி போர்டு வண்டி, அதாவது வாடகை டாக்சி ஓட்டுகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள். எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று மட்டும் எழுத மாட்டேன். அடுத்த வருஷமும் எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்று) அங்கேதான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தணும்.

ஆடி மாசம், ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரில் இருந்து ஒரு குடும்பம் ரயிலில் வந்து தருமபுரியில் இறங்கினார்கள். பென்னாகரம் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் குலதெய்வம். தாத்தா காலத்தில் ஊரை விட்டுப் போனவர்கள், கோயிலுக்கு வழி யாருக்கும் தெரியாது. சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய லொகேஷன் ஒன்றுதான் கையில். மெயின் ரோட்டை விட்டு இறங்கியதும் டவர் போய்விட்டது, மேப் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. ஸ்டாண்டில் இருந்த போனைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எடுத்தது உண்மை, மறைக்கவில்லை. யாரிடமும் பேசவில்லை என்பதும் உண்மை. வளைவு திரும்பினால் போலீஸ் செக்கிங்.

"போன் பேசிட்டே ஓட்டுறியா?" என்றார் அதிகாரி. மேப் பார்த்தேன் சார் என்றேன். அவர் காதில் ஏறவில்லை. பின் சீட்டில் பொங்கல் பானையோடு பாட்டி உட்கார்ந்திருக்கிறார், நல்ல நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. 1,000 ரூபாயைக் கட்டினேன். கார்டை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள். போகலாம் என்றார்கள், போய்விட்டேன்.

முதல் தப்பு இங்கேதான். அபராதம் கட்டிவிட்டால் கேஸ் முடிந்தது என்று டாக்சி ஸ்டாண்டில் எல்லோரும் சொல்வோம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அப்படி இல்லை. கையில் போனோடு ஓட்டுவது இப்போது 184-வது பிரிவில், அபாயகரமாக ஓட்டுதல் என்ற கணக்கில் வருகிறது. அந்தப் பிரிவில் பிடித்தால் லைசென்ஸை வாங்கி, அதைக் கொடுத்த அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பணம் கட்டியது அபராதத்துக்கு மட்டும். இந்த ஆள் தொடர்ந்து வண்டி ஓட்டத் தகுதியானவனா என்று 19-வது பிரிவில் தனியாக ஒரு விசாரணை நடக்கும். முதல் தடவை என்றால் 3 மாசம் தடை, மறுபடியும் மாட்டினால் லைசென்ஸே ரத்து.

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். அந்த ரசீதை வைத்துக்கொண்டு 6 நாள் சவாரி ஓட்டியிருக்கிறேன். ஓசூர் இரண்டு தடவை, சேலம் ஒரு தடவை, தொப்பூர் கணவாய் வழியாக. நான்கு ரோட்டில் டீ குடிக்கும்போது லாரி ஓட்டும் மச்சான் ரசீதைப் பார்த்துவிட்டு, "மாமா, இத வச்சு வண்டி எடுக்கக் கூடாது. ஏதாச்சும் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் கைவிரிச்சிடுவான்" என்றான். அவன் சொன்னது சரிதான். கார்டு திரும்பி வரும்வரை அந்த ரசீது ஓட்டுவதற்கு அனுமதி ஆகாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. கணவாய் இறக்கத்தை நினைத்து அன்று ராத்திரி தூக்கமே இல்லை. மறுநாளில் இருந்து எனக்குப் பதிலாக ஓட்ட ஒரு ஆக்டிங் டிரைவர் போட்டேன். சம்பளமும் பேட்டாவும் போக மிச்சம் டீசலுக்கே பத்தவில்லை, தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது.

நோட்டீஸ் வரும் வரும் என்று பார்த்தால் வரவில்லை. நானே ஆபீசுக்குப் போனேன். கவுண்ட்டரில், "ஸ்டேஷன்ல இருந்து இன்னும் வரல, போய் அங்க கேளுங்க" என்றார் ஒருவர். ஸ்டேஷனில், "அனுப்பி பத்து நாளாச்சு" என்றார்கள். திரும்ப ஆபீஸ். அதே ஆள், கம்ப்யூட்டரைக்கூடத் தட்டாமல், "அடுத்த வாரம் வாங்க." பக்கத்து சீட்டில் இருந்த அம்மாதான் பேர் கேட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நோட்டீஸ் போயாச்சே, விசாரணை நாளன்னைக்கு" என்றார். போனது பழைய வீட்டுக்கு. வீடு மாறி நாலு வருஷம், லைசென்ஸில் முகவரியை மாற்றவே இல்லை. அந்தத் தெருவில் இப்போது குடியிருப்பவர் கதவிடுக்கில் கிடந்ததை எடுத்து, கரண்ட் பில்லோடு சேர்த்து ஆணியில் மாட்டி வைத்திருந்தார். நல்ல மனுஷன்.

நோட்டீஸில் இருந்தது இதுதான்: உங்கள் ஓட்டுநர் உரிமத்தை ஏன் தகுதியிழப்பு செய்யக் கூடாது, எழுத்துமூலம் விளக்கம் தந்து நேரில் ஆஜராகவும். படிக்கும்போது கை நடுங்கியது. ஆபீஸ் வாசலில் ஒரு புரோக்கர், "நாலாயிரம் குடு, முடிச்சிடலாம்" என்றார். வேண்டாம், விளக்கம் மட்டும் டைப் அடித்துக் கொடுங்கள் என்றேன். 300 ரூபாய். மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிளஸ் டூ படிக்கிற மகள் சத்தமாகப் படித்துக் காட்டினாள்: "செல்போனில் பேசியபடி வாகனம் ஓட்டியது எனது தவறு, இனி இதுபோல் நடக்காது, கருணையுடன்..."

"அப்பா, நீ பேசலன்னுதான சொன்ன?"

எல்லோருக்கும் ஒரே மனு அடித்து வைத்திருக்கிறார். அதைக் கொடுத்திருந்தால் என் கையெழுத்திலேயே என் வேலைக்கு மூன்று மாசம் பூட்டு. தயவுசெய்து அந்த வாசல் மனுவைக் கொடுக்காதீர்கள். கொடுக்கிறதாக இருந்தால் ஒரு தடவை யாரையாவது வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மகளே உட்கார்ந்து தேடினாள். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 21-வது விதி இருக்கிறது. டிரைவர் எதைச் செய்தால் பொதுமக்களுக்குத் தொல்லை அல்லது ஆபத்து என்ற பட்டியல் அது. பயணியிடம் மரியாதைக் குறைவாக நடப்பது, கூடுதல் வாடகை பிடுங்குவது, சுற்று வழியில் கூட்டிப்போவது, ஓட்டும்போது பீடி சிகரெட் குடிப்பது எல்லாம் அதில் வருகிறது. இத்தனை வருஷம் ஓட்டியும் நான் படித்ததில்லை. 2020-ல் அதில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது: கையில் வைத்திருக்கும் போனை வழி பார்க்க மட்டும் பயன்படுத்தலாம், டிரைவரின் கவனம் சிதறாதபடி. இந்த ஒரு வரிதான் என்னைக் காப்பாற்றியது. புது விளக்கத்தை அவளே கையால் எழுதினாள், ஒன்றரைப் பக்கம். போனில் அன்றைய கால் பதிவை எடுத்துச் சேர்த்தோம். அந்த நேரத்தில் ஒரு அழைப்புகூட இல்லை. பெங்களூர் குடும்பத்துக்கும் போன் போட்டேன். அந்தப் பையன், "அண்ணா, எங்களாலதானே" என்று ஐந்து நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் கடிதம் அனுப்பிவிட்டான்.

விசாரணை பத்து மணி என்று போட்டிருந்தது, கூப்பிட்டது ஒன்றரைக்கு. உள்ளே அதிகாரி கத்தவில்லை, அதுவே ஆச்சரியம். திரையில் என் பழைய கணக்கைப் பார்த்துவிட்டு, வண்டி பேரில் ஒரு ஸ்பீடு சலான் கட்டாமல் இருக்கிறதே என்றார். அது கேமராவில் விழுந்தது, அன்றைக்கு ஓட்டியது வேறு ஆள். டிரிப் ஷீட் இருந்ததால் தப்பித்தேன். ஈ-சலான் பக்கத்தில் வண்டி நம்பரைப் போட்டு முன்னாலேயே பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும். பிறகு அவர் கேட்ட கேள்வி இதுதான்:

"பதினெட்டு வருஷமா ஓட்டுறேன்னு எழுதியிருக்கீங்க. ஒகேனக்கல் ரோட்டுக்கு மேப் எதுக்கு?"

"ஒகேனக்கலுக்கு வேணாம் சார். அவங்க குலசாமிக்கு வேணும்."

சிரித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் பிரிண்ட் எடுத்த வாட்ஸ்அப் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போட்ட அசல் வேண்டுமாம். இன்னொரு நாள், இன்னொரு அலைச்சல். பையன் கூரியரில் அனுப்பினான், அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் சீல் வாங்கினேன். அந்தச் சீலை விடாதீர்கள். அடுத்த வாரம் அதே கவுண்ட்டர் ஆள், "கடிதமே வரலையே" என்றார். சீல் வைத்த நகலை நீட்டினேன். பேசாமல் எழுந்து போய் பீரோவில் தேடி எடுத்துவந்தார். இந்த 41 நாளில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அவர் எழுந்து நடந்த அந்த நடைதான்.

உத்தரவு வந்தது: விளக்கம் ஏற்கப்பட்டது, எச்சரிக்கையோடு விடுவிக்கப்படுகிறது. தடை என்று வந்திருந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு போகலாம், கார்டைத் திரும்ப வாங்குவதற்குப் புத்தாக்கப் பயிற்சியும் முடிக்க வேண்டும். எனக்கு அது இல்லை. தண்டனையே இல்லை என்று பேப்பரில் இருக்கிறது. இத்தனை நாள் வீட்டில் இருந்ததற்கு என்ன பேர் என்று கேட்க வாய் வரை வந்தது, மகள் கையைப் பிடித்தாள்.

முகவரி மாற்றத்துக்கு ஸ்லாட் போட்டிருக்கிறேன். வருகிற செவ்வாய். அதே கவுண்ட்டர்.