அக்கா மகனும் லாக்வயரும்

"மாமா, ஏஐ வந்துட்டா எனக்கு வேலை இருக்குமா?"

சேலம் ஏர்போர்ட் இருக்கிற கமலாபுரத்துல இறங்கப் போற ஏடிஆர் விமானம் ஓமலூர் மொட்டை மாடிக்கு மேல இரைஞ்சுகிட்டுப் போச்சு. விமான மெக்கானிக் படிக்கிற அக்கா மகன் நிமிர்ந்துகூடப் பார்க்கல. ரெண்டு போல்ட்டுத் தலையில கம்பி கோத்து முறுக்கிட்டு இருந்தான்.

லாக்வயர், அதாவது போல்ட் தானா கழலாம இருக்கக் கட்டுற கம்பி. ஒரு போல்ட் தளரப் பார்த்தா, கம்பி இன்னொண்ணை இறுக்கும் பக்கமா இழுக்கணும். மாத்திக் கட்டினா கட்டாத மாதிரிதான். கடைசியில நுனியை உள்ளே மடக்கி விட்டான், அடுத்து வர்றவன் கையைக் கிழிக்காம இருக்க.

ஏஐ வராம இல்ல. டிரோன் சுத்திப் பறந்து விமானத்தோட உடம்புல இருக்கிற நெளிவைப் படம் பிடிக்குது. இன்ஜினுக்குள்ள விட்டுப் பார்க்கிற குழாய் கேமரா, போரோஸ்கோப், எடுத்த படத்துல டர்பைன் பிளேடு விரிசலைக் கம்ப்யூட்டரே குறிச்சுக் காட்டுது. கண்ணு அசந்து போற வேலை, செய்யட்டுமே.

ஆனா விமானத் துறையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான டிஜிசிஏ குடுத்த லைசென்ஸ் உள்ள ஒரு ஆள் கையெழுத்துப் போட்டாத்தான் வேலை முடிஞ்ச விமானம் கிளம்பும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கூப்பிட்டுக் கேக்குறது?

என் கவலை வேற. சின்னச் சின்ன செக்கிங்கை எல்லாம் மெஷின் எடுத்துக்கிட்டா, புதுப் பசங்க எதுல கை பழகுவாங்க? அந்த லைசென்ஸ் வாங்கவே வேலை செஞ்ச அனுபவம் கேக்குறாங்களே!