மைதானம் பழகியவர் சுகாதார நிலையத்துக்குப் போனால்

பிரேசிலில் உடற்கல்வி படித்தவரை சுகாதாரப் பணியாளராக ஏற்றது 1997-இல் தேசிய சுகாதார மன்றம் போட்ட தீர்மானம். ஆனால் அரசுப் பொதுச் சுகாதார அமைப்பான 'சுஸ்'-இல் அவர்களுக்கு வேலை பெருகியது 2008-க்குப் பிறகுதான். அந்த ஆண்டு, வட்டார மக்களின் சுகாதாரத்தைக் கவனிக்கும் குடும்ப மருத்துவக் குழுக்களுக்குத் துணையாக, பல தொழிலினர் சேர்ந்த 'நாஸ்ஃப்' குழுக்கள் அமைந்தன. 2011-இல் ஊர்களில் உடற்பயிற்சிக் கூடம் திறக்கும் 'அகாடெமியா டா சவூஜி' திட்டம் வந்தது. வேலை முந்திக்கொண்டது, படிப்பு பின்தங்கிவிட்டது. கைப்பந்தும் தசை இயக்கமும் படித்துவிட்டு வந்தவர், ஆறேழு மாத்திரை எழுதிய சீட்டை நோயாளி நீட்டினால் திகைக்கத்தானே செய்வார்?

இந்தக் குறையைத் தீர்க்க உள்ளதில் உருப்படியான வழி, 2005-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த பல்தொழில் ரெசிடென்சி, அதாவது பல சுகாதாரத் தொழில்களைச் சேர்ந்தவர்கள் வேலை செய்தபடியே பெறும் பட்டமேற்பயிற்சி. வாரம் 60 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டு, மொத்தம் 5,760 மணி. அதில் 4,608 மணி களத்திலேயே கழியும். உதவித்தொகை உண்டு, வேறு வேலை பார்க்கக் கூடாது. சுஸ்-இன் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான உனா-சுஸ் நடத்தும் இலவச ஆன்லைன் பாடங்களும் நல்லவைதான், ஆனால் கைப்பழக்கத்தை அவை தராது.

அந்தக் கைப்பழக்கம் எதில் இருக்கிறது? பிரஷர் பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். மேடேறி மூச்சுவாங்க வந்தவரை உடனே பார்த்தால் அளவு ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, முதுகுக்குச் சாய்வு கொடுத்து, பாதம் தரையில் படிந்து, கை இதய மட்டத்தில் இருக்கும்போது பார்க்க வேண்டும். பருத்த கையில் பிரஷர் கருவியின் சிறிய பட்டையைச் சுற்றினாலும் அளவு கூடும். அதை நம்பி உடற்பயிற்சி வகுப்பிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர் மறுவாரம் வரவே மாட்டார்.

மாத்திரைச் சீட்டு அடுத்தது. இதயத் துடிப்பைக் குறைக்கும் பிரஷர் மாத்திரையான அட்டெனலால் சாப்பிடுபவரின் நாடித்துடிப்பு பயிற்சியிலும் அவ்வளவாக ஏறாது. துடிப்பை எண்ணி வேகத்தைக் கூட்டினால் ஆபத்து, பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்பதுதான் அங்கே அளவுகோல். சுகர் மாத்திரையான கிளிபென்கிளமைடோ இன்சுலினோ எடுத்துவிட்டு வெறும் வயிற்றில் காலை வகுப்புக்கு வந்தால் சுகர் சட்டென்று இறங்கும். குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் தெரிந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் குறைவு. இதைச் செவிலியரும் மருந்தாளுநரும் பக்கத்தில் இருந்து சொல்லித் தரும்போதுதான் மனதில் நிற்கும்.

ரெசிடென்சி கெட்டுப்போவதும் இங்கேதான். ஆள் பற்றாக்குறை உள்ள நிலையத்தில், வந்த ரெசிடென்டைத் தினமும் காலை வகுப்பு எடுக்கும் ஆளாக மாற்றிவிடுவார்கள். குழுவாக நோயாளியைப் பற்றிப் பேசும் நேரத்தில் அவர் கூடத்தில் கைதட்டி எண்ணிக்கொண்டிருப்பார். வகுப்புக்கு வந்த கூட்டத்தைக் காட்டி நிலையத்தின் கணக்கு நேராகிவிடும், அவரோ எதையும் கற்றிருக்க மாட்டார். இது பெரிய அநியாயம். களத்தில் வழிகாட்டுபவர் அதே தொழிலைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று 2012-இல் விதியே வந்திருக்கிறது. நிர்வாகம், நோய்க் கண்காணிப்பு போன்ற பொதுப்பணிகளுக்கு மட்டுமே விலக்கு.

ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கும் முன், இப்போது அந்த இடத்தில் படிப்பவரிடம் வார அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். குழுக் கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? வீட்டுச் சந்திப்புக்கு எத்தனை மணி? அந்த நேரத்தில் வகுப்பை வேறு யார் எடுக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பெயர் சொல்ல முடியாத இடமானால் அடுத்த திட்டத்தைப் பாருங்கள்.