உபுண்டுவை எடுத்துவிட்டு 80 ஜிபியை மீட்ட கதை

வெள்ளி இரவு

மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது இந்த லேப்டாப்பில் விண்டோஸோடு உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் போட்டாள். பாடத்துக்குத் தேவைப்பட்டது, நன்றாகவும் பழகிக்கொண்டாள். இப்போது அவளுக்குத் தனி லேப்டாப் வந்து, விடுதிக்கு எடுத்துப் போய்விட்டாள். பழையது எங்களுக்கு. மனைவி மகளிர் குழுக் கணக்கை எக்ஸெலில் எழுதுவது இதில்தான். பவர் பட்டனை அழுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனால், எதைத் திறக்க வேண்டும் என்று கேட்கும் மெனு, பத்து நொடி காத்திருந்துவிட்டுத் தானாகவே உபுண்டுவுக்குள் போய்விடும். "ஏங்க, இன்னிக்கும் அந்த ஊதாத் திரைதான் வந்து நிக்குது" என்று வாரத்தில் இரண்டு முறையாவது கேட்டுவிடுகிறேன்.

மெனுவில் விண்டோஸை முதலில் வரவைப்பது சுலபம். ஆனால் சிக்கல் இடத்திலும் இருக்கிறது. 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் கணக்கில் 238. அதில் 80 ஜிபி உபுண்டுவிடம். சி டிரைவில் மிச்சம் 9 ஜிபிதான். பெரிய அப்டேட் வந்தால் இடமில்லை என்று நின்றுவிடுகிறது. உபுண்டு மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்த வீட்டில் இப்போது அதைத் திறக்க ஆளில்லை, அவ்வளவுதான். எடுத்துவிடுவதென்று முடிவு.

இதில் எனக்கு ஒரு பழைய அடி உண்டு. பல வருடம் முன்பு ஒரு டெஸ்க்டாப்பில் லினக்ஸ் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் அதற்கென்று பிரித்த பகுதியை, நேராக அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். கருப்புத் திரையில் "க்ரப் ரெஸ்க்யூ" என்ற ஒரே வரி. பயாஸ் என்ற உள் மென்பொருளால் தொடங்கும் பழைய கணினிகளில், டிஸ்க்கின் முதல் 512 பைட்டில்தான் கணினியை எழுப்பும் சின்ன நிரல் உட்கார்ந்திருக்கும். லினக்ஸ் போட்டால் அந்த இடத்தில் லினக்ஸின் தொடக்க நிரலான க்ரப் வந்துவிடும். அதன் மீதி உடல் லினக்ஸ் பார்ட்டிஷனில் இருக்கும். நான் உடலை அழித்துவிட்டுத் தலையை விட்டுவிட்டேன். விண்டோஸ் அப்படியே பத்திரமாக இருந்தது, ஆனால் போக வழி இல்லை. விண்டோஸ் 7 டிவிடி ஒன்றை இரவல் வாங்கி வந்து சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. அதனால் இந்த முறை வரிசையை முதலில் எழுதி வைத்துக்கொண்டேன். தரவு, வழி, அப்புறம்தான் பார்ட்டிஷன்.

சனிக்கிழமை

மகளுக்குப் போன் செய்தேன். "அப்பா, ஹோம் ஃபோல்டர் மட்டும் எடுத்தா போதாது. கன்ட்ரோல் ஹெச் அழுத்துங்க, மறைஞ்சிருக்கிறதும் தெரியும். எஸ்எஸ்ஹெச் சாவி எல்லாம் அங்கதான் இருக்கு" என்றாள். அந்தச் சாவி, வேறு கணினிக்குள் நுழையப் பயன்படும் ரகசியக் கோப்பு. நல்லவேளை கேட்டேன். அழுத்தியதும் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்கள் ஒரு கூட்டமே எழுந்து வந்தன. ஃபயர்பாக்ஸ் விஷயத்தில் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. அதன் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் மொசில்லா ஃபோல்டரில் இருக்கும் என்று தேடினால் அங்கே ஒன்றும் இல்லை. உபுண்டு 22.04 முதல் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற தனிப் பொதி வடிவில் வருவதால், ஸ்னாப் ஃபோல்டருக்குள் ஃபயர்பாக்ஸ், அதற்குள் காமன் என்று இறங்கிப் போனால்தான் கிடைக்கிறது.

32 ஜிபி பென்டிரைவில் எல்லாம் ஏறியது, ஒன்றைத் தவிர. அவளுடைய ப்ராஜெக்ட் தரவு 5 ஜிபி அளவில் ஒரே ஜிப் கோப்பு. பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தது; அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. சரி, உபுண்டுவில் இருந்தபடியே சி டிரைவில் போடலாம் என்று பார்த்தால், படிக்க மட்டும்தான் அனுமதி. காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கிறது. தூங்குகிறவன் பையில் கைவைக்க லினக்ஸ் மறுக்கிறது. நியாயம்தான். விண்டோஸுக்குப் போய், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தேன். அப்படிச் செய்தால் முழுதாக அணையும். மறுபடி உபுண்டு, இந்த முறை கோப்பு ஏறியது. இரவே அதை அவளுடைய கூகுள் டிரைவில் ஏற்றி, அவள் இறக்கித் திறந்து பார்த்து "சரியா இருக்குப்பா" என்று சொன்ன பிறகுதான் தூங்கப் போனேன். காப்பி எடுத்தேன் என்பதை நான் நம்புவதில்லை. எடுத்ததைத் திறந்து பார்த்த பிறகுதான் நம்புவேன்.

ஞாயிறு காலை

முதலில் கணினி பழைய பயாஸ் முறையா, அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறையா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் வேலை வேறு. விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் பயாஸ் மோட் என்ற வரியில் இருக்கும். எங்களுடையது யூஇஎஃப்ஐ. அடுத்து பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. அது இயங்கினால், எதிலிருந்து தொடங்குவது என்ற பூட் வரிசையைத் தொட்டதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கக்கூடும். அந்தச் சாவியை எழுதி வைக்காமல் மேலே போகக் கூடாது. இதில் பிட்லாக்கர் இல்லை. உபுண்டு போடும்போதே மகள் அணைத்திருந்தாள், இல்லாவிட்டால் உபுண்டு இன்ஸ்டாலர் சி டிரைவைச் சுருக்கியிருக்காது.

இனி வழி. ரீஸ்டார்ட் செய்து பயாஸ் செட்டப்புக்குள் போய், பூட் வரிசையில் உபுண்டுவுக்கு மேலே விண்டோஸ் பூட் மேனேஜரை ஏற்றிச் சேமித்தேன். மெனுவே வராமல் நேராக விண்டோஸ். உறுதிக்காக முழுதாக அணைத்து இன்னொரு முறை ஏற்றினேன். அதுவும் நேராகவே வந்தது. இந்த இடத்தில்தான் மனது இறங்கியது. க்ரப் இனி நம் பாதையில் இல்லை, பார்ட்டிஷனை எடுத்தாலும் கதவு மூடாது.

டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தேன். இடமிருந்து, தொடக்க நிரல்கள் இருக்கும் 100 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷன், சி டிரைவ், பெயரும் வடிவும் இல்லாத 80 ஜிபி, கடைசியில் விண்டோஸ் ரிகவரி. பெயரில்லாததுதான் உபுண்டு. லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவம் விண்டோஸுக்குப் புரியாததால் வெறுமனே காட்டுகிறது. அளவை இரண்டு முறை சரிபார்த்தேன், ஏனென்றால் பக்கத்திலேயே இருக்கும் ரிகவரியிலும் சி போன்ற எழுத்து இருக்காது. டிலீட் வால்யூம் கொடுத்ததும், இது விண்டோஸ் உருவாக்கியது அல்ல, வேறு சிஸ்டத்தின் தரவு இருக்கலாம் என்று கேட்டது. ஆமாம் என்றேன். கருப்புப் பட்டையாக 80 ஜிபி காலி.

காலி இடம் சி டிரைவை ஒட்டி வலப்பக்கம் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். எக்ஸ்டெண்ட் வால்யூம் ஒட்டியிருக்கும் இடத்தை மட்டும்தான் சேர்த்துக்கொள்ளும். நடுவில் ரிகவரி இருந்திருந்தால் அந்த வரியே மங்கலாகக் கிடக்கும். சில நொடியில் சி டிரைவ் பெரிதானது.

மதியம்

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உபுண்டு என்ற ஃபோல்டர் இன்னும் இருக்கிறது. பயாஸ் என்றைக்காவது ரீசெட் ஆகி வரிசை மாறினால் அது விழித்து, ஆளில்லாத பார்ட்டிஷனைத் தேடி க்ரப் வரியில் நின்றுவிடும். அதனால் அட்மின் உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, மவுண்ட்வால் கட்டளையால் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு எஸ் என்று தற்காலிக எழுத்துக் கொடுத்தேன். எக்ஸ்ப்ளோரரில் அது திறக்காது, அனுமதி இல்லை என்கிறது; கமாண்ட் ப்ராம்ப்டில் திறக்கிறது. உள்ளே மூன்று ஃபோல்டர்: மைக்ரோசாஃப்ட், பூட், உபுண்டு. உபுண்டுவை மட்டும் அழித்தேன். மற்ற இரண்டையும் தொடவே கூடாது. முடிந்ததும் எஸ் எழுத்தை எடுத்துவிட்டேன்.

கடைசியாக, பூட் பட்டியலில் நிற்கும் உபுண்டு என்ற பெயர். பூட் பட்டியலைத் திருத்தும் பிசிடிஎடிட் கட்டளையில் ஃபர்ம்வேர் பட்டியலைக் கேட்டால், நெளி அடைப்புக்குறிக்குள் நீளமான அடையாள எண்ணோடு காட்டுகிறது. அந்த எண்ணைக் கொடுத்து நீக்கச் சொன்னேன், பிழை வந்தது. அரை மணி நேரம் எண்ணையே சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணில் தவறில்லை; இந்த முறை நான் திறந்திருந்தது விண்டோஸின் இன்னொரு கட்டளைத் திரையான பவர்ஷெல். நெளி அடைப்புக்குறிக்கு அங்கே வேறு பொருள், மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். கமாண்ட் ப்ராம்ப்டில் அதே கட்டளையை அப்படியே அடித்ததும் போய்விட்டது.

அடுத்த சனி

ஒரு வாரமாக ஒரு தொந்தரவும் இல்லை. சி டிரைவ் இப்போது 237 ஜிபி, நின்றுபோயிருந்த அப்டேட்டும் ஏறிவிட்டது. கடிகாரச் சிக்கலும் தீர்ந்தது. உபுண்டுவுக்குப் போய்வந்த நாட்களில் விண்டோஸ் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். லினக்ஸ் கணினியின் உள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே நம்மூர் நேரம் என்று படித்துக்கொள்ளும். ஒரு முறை சிங்க் செய்தேன், அதன் பிறகு மாறவில்லை.

உபுண்டுவின் இன்ஸ்டால் பென்டிரைவை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மகள் லீவுக்கு வரும்போது தேவைப்பட்டால் அதிலிருந்தே நேரடியாக ஓட்டிக்கொள்ளலாம். இன்று காலை மனைவி பட்டனை அழுத்திவிட்டுப் போய்ப் பால் காய்ச்சிவிட்டு வந்து உட்கார்ந்தாள். விண்டோஸ் திரை தயாராக இருந்தது. கணக்கைத் திறந்து எழுத ஆரம்பித்துவிட்டாள்.