சீழ் இருக்கிறது, கிருமி இல்லை

நீர்க்கடுப்பு என்று போனபோது முதலில் பார்த்த மருத்துவர் சாதாரணத் தொற்று என்றுதான் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் கொஞ்சம் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். இரவில் மணிக்கொருதரம் எழுந்து போக வேண்டியிருந்தது. சிறுநீர்ப் பரிசோதனையில் ஒவ்வொரு முறையும் சீழ் செல்கள் நிறைய இருந்தன, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் மட்டும் எதுவும் வளரவில்லை. இருமல் இல்லை, நெஞ்சு எக்ஸ்ரேயும் சரியாக இருந்தது. அதனால் டிபி என்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் பார்த்த சிறுநீரக மருத்துவர் பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "சீழ் இருக்கு, ரத்தமும் லேசா இருக்கு, ஆனா கிருமி இல்லை. அப்படின்னா டிபிக்குப் பார்த்தே ஆகணும்" என்றார். வழக்கமான கல்ச்சரில் காசநோய்க் கிருமி வளராதாம். நுரையீரல் வழியாக எப்போதோ உள்ளே வந்து, ரத்தத்தோடு சிறுநீரகத்துக்குப் போய், வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது அது. லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் அந்தக் கிருமியைப் பாதி அமுக்கி, பரிசோதனையில் சிக்காமல் செய்துவிடும் என்பதால் முதலில் அந்த மருந்தை நிறுத்தச் சொன்னார்.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை அடுத்தடுத்த நாட்களில் கொடுக்கச் சொன்னார்கள். கிருமி எல்லா நேரமும் வெளியே வராது என்பதால் ஒரு சாம்பிள் போதாது. கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனையின் முடிவு சீக்கிரமே வந்தது: காசநோய்தான். டிபி கல்ச்சருக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அதற்காகக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கினார்கள். முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் ரிஃபாம்பிசினும் ஐசோனியசிட்டும். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அந்த நான்கில் ஒன்றான எத்தாம்பூட்டால் சாப்பிடும்போது பார்வை மங்கினாலோ நிறம் மாறித் தெரிந்தாலோ உடனே சொல்ல வேண்டும்.

இதை எழுதுவதே அடுத்த விஷயத்துக்காகத்தான். மருந்து தொடங்கியதும் கடுப்பு குறைந்தது, பசி வந்தது, எடை ஏறியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தபோது எடுத்த ஸ்கேனில் இடது சிறுநீரகம் வீங்கியிருந்தது. வலி துளியும் இல்லை. புண் ஆறும்போது உண்டாகும் தழும்பு, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயைச் சுருக்கிவிட்டது. மருந்து சரியாக வேலை செய்யும்போதே இப்படி நடக்கலாம், கவனிக்காமல் விட்டால் அந்தச் சிறுநீரகமே செயலிழந்துபோகும் என்றார் மருத்துவர். உடனே ஸ்டென்ட், அதாவது அந்தக் குழாயைத் திறந்து வைக்கும் மெல்லிய டியூப், வைத்தார்கள். குனியும்போதெல்லாம் உறுத்தும், சிறுநீரில் அவ்வப்போது ரத்தம் தெரியும், ஆனாலும் என் சிறுநீரகத்தைக் காப்பாற்றியது அதுதான்.

உடம்பு தேறிவிட்டது என்று யாராவது ஸ்கேனைத் தள்ளிப்போட்டால் எனக்குப் பதறுகிறது. மாத்திரை முடிந்து, ஸ்டென்டையும் எடுத்தாகிவிட்டது. குழாய் பிறகும் சுருங்கலாம் என்பதால் ஸ்கேனுக்கு இன்னமும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.